வெள்ளச்சாட்டு அம்மன்

எங்கள் காலேஜ் ஊரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், அந்த நாளில் நான் மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். கோட்டை, கோட்டையைச் சுற்றி அகழி, அகழிக்கு வெளியே மைதானம், மைதானத்தில் சாயங்காலம் பந்தாட்டம், கல்பாத்தி ஆற்றுப் படித்துறை, ரயில் ஸ்டேஷன், இவை எல்லாவற்றுக்கும் மேலே வடக்கு மலையில் விழுகிற அருவி. எஃப்.ஏ. படிப்பதற்காகப் பாலக்காட்டுக்கு வந்திருந்தேன். எங்கள் எலப்புள்ளிப் பக்கத்துக் குடியானவ வீடுகளிலிருந்து காலேஜ் வாசலை மிதித்த ஆட்கள் அப்போது அபூர்வம். அதனால் கோர்ட்டு வேலையாகவோ சந்தைக்கோ ஊரிலிருந்து ஒறம்பரை, அதாவது உறவுக்காரர், யார் வந்தாலும் அவர்களுக்கு நகரத்தைச் சுற்றிக் காட்டுவது என் வேலை. யாரும் கொடுத்த வேலையல்ல, நானாக எடுத்துப் போட்டுக்கொண்டது.

வந்தவர்கள் நான் காட்டுவதை நான் காட்டுகிறபடி பார்க்க மாட்டார்கள். எனக்கு அது பெரிய மனத்தாங்கல். என் பெரியப்பா அகழிக் கரையில் வெகு நேரம் நின்றார். கோட்டையின் கல் கட்டடத்தை வியக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, "இத்தன தண்ணியச் சும்மா நிறுத்தி வெச்சிருக்கறானுங்களே, கண்ணு! நம்ம மேக்காட்டுக்குப் பாஞ்சா என்னாவும்!" என்றார். மைதானத்துக்கு வந்ததும், "இங்க ஒரு பட்டி போட்டா நெம்ப நல்லா இருக்கும்" என்றார். எங்களுக்குப் பட்டி என்றால் ஆடு அடைக்கிற இடம். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். கூட நின்ற என் மலையாள நண்பன், இவர் எதற்காக மைதானத்தில் நாயைப் போடச் சொல்கிறார் என்று என் காதருகே கேட்டான். நான் இருவருக்கும் விளக்கிச் சொன்னேன். அப்படி விளக்குவதில் எனக்கு ஒரு ருசி. இரண்டு பாஷையும் தெரிந்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான் என்கிற நினைப்பு. அந்த நினைப்பு என் அக்காளுக்கு என்ன செய்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க அப்பா ஒரு வாத்தியாரை வீட்டுக்கு வரவழைத்தபோது, அவளும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் விரட்டவும் இல்லை. நான் எழுத்தைக் கூட்டிக் கூட்டித் திணறுகையில் அவள் வரியை முடித்துவிட்டுச் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு எனக்குக் காலேஜ், அவளுக்குக் கல்யாணம். எலப்புள்ளிக்குக் கிழக்கே பெரிய பண்ணைக் குடும்பம். பூமி இருந்தது, மாடு இருந்தது, எழுத்துதான் இல்லை. மச்சான் கையெழுத்து மட்டும் போடுவார். வருகிற கடிதத்தையெல்லாம் எல்லோரையும் உட்கார வைத்து அக்காதான் படித்துக் காட்டுவாள். அவள் மாமியார் வாய்க்கு அந்த ஊரே பயந்தது. அந்த அம்மாள்கூட மருமகள் கடிதம் படிக்கிறபோது மட்டும் பேசாமல் இருப்பார். அந்த வீட்டில் அக்காளுக்கு இருந்த ஒரே அதிகாரம் அது.

லீவில் நான் அங்கே போனால் அவள் நிலக்கடலை உரித்துக்கொண்டே என்னை விசாரிப்பாள். கோட்டையைப் பற்றி இரண்டு கேள்வி, ரயிலைப் பற்றி ஒரு கேள்வி, அதோடு அவை முடிந்துவிடும். அருவியைப் பற்றித்தான் ஓயாமல் கேட்பாள்.

"தானா உழுகுதா? யாரும் எறைக்காம?"

"தானாத்தானுங்க்கா உழுகும்."

அவள் சிரித்தாள். "நான் பொறந்ததுலிருந்து தண்ணியக் கீழயிருந்து மேல இழுத்துத்தான் பாத்திருக்கறன், சாமி. கவலை எறைக்கறப்ப அந்த மாடு படற பாட்டப் பாத்தா, தண்ணின்னாலே பாரம்னுதான் தோணும். மேலயிருந்து அதுவா வர்றதை ஒருக்காப் பாக்கோணும்."

எங்கள் பக்கத்துப் பூமிக்கு மழையும் கிணறும்தான் கதி. காலையில் மாடுகள் கவலையை, கிணற்று நீர் மொள்ளுகிற தோல்சாலை, இழுக்கிற சத்தத்தில்தான் கண் விழிப்போம். அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. ஆனால் அது எவ்வளவு பெரிய ஆசை என்பது புரியவில்லை.

"சத்தம் எத்தன தொலைவு கேக்கும்?" என்று கேட்டாள்.

"ரெண்டு மைலுக்குக் கேக்குமுங்க" என்று அடித்துவிட்டேன். நான் கவனித்ததே இல்லை.

"அளந்தா சொல்ற? அடுத்த தடவ போறப்ப நல்லாக் கேட்டுட்டு வந்து சொல்லு."

"நீங்களே வந்து கேளுங்க்கா. மச்சான்கிட்டக் கேக்கறது."

"எதுக்குப் போறேன்னு கேப்பாங்கல்ல? சும்மா தண்ணி பாக்கறதுக்குன்னா ஊட்டுல உடுவாங்களா?" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, மாட்டுக்குத் தவிடு தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னாள். அந்த வீட்டுப் பெண்கள் வெளியே கிளம்ப நாலு காரணம்தான் உண்டு: பிறப்பு, இறப்பு, கல்யாணம், கோயில். பார்ப்பதற்காகப் போவது என்பது ஆண்பிள்ளை சமாசாரம்.

அந்த வருஷம் ஆடியில் மழை நன்றாகப் பிடித்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலேஜுக்கு விடுமுறை வந்தது. நாங்கள் ஐந்தாறு பேர் வண்டி பேசிக்கொண்டு அருவிக்குப் போய்க் குளித்துவிட்டு வருவது என்று ஏற்பாடு. அக்காளைக் கூட்டிப் போகலாமே என்று எனக்குத் தோன்றியது. அந்த ஒரு நல்ல எண்ணத்தை நான் மறுக்க மாட்டேன். மச்சானுக்கு ஒரு கார்டு எழுதினேன்: "வருகிற வெள்ளிக்கிழமை நாங்கள் வெள்ளச்சாட்டம் பார்க்கப் போகிறோம். அக்காளையும் அனுப்பி வைக்கவும். வண்டியைக் கோட்டை மைதானத்துக்கு ஓட்டி வரச் சொல்லவும்."

அருவி என்று எழுதியிருக்கலாம். ஆனால் காலேஜில் மலையாளப் பையன்களோடு சேர்ந்து சேர்ந்து எனக்கு எல்லாமே அவர்கள் வார்த்தையில்தான் வரும். அவர்களுக்கு வெள்ளம் என்றால் தண்ணீர், சாட்டம் என்றால் குதிப்பு. வெள்ளச்சாட்டம் என்று எழுதுவதில் ஒரு பவிசும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் நாங்கள் மைதானத்தில் அகழிப் பக்கமாக நின்றுகொண்டிருந்தோம். எங்கள் வண்டிகள் தயார். ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். மச்சான் விதைப்பை விட்டு வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். பண்ணையாள் ஓட்ட, கூண்டு வண்டி வந்து நின்றது. உள்ளே அக்காவும் மாமியாரும்.

அக்காளைப் பார்த்ததும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மஞ்சளில் நனைத்த சேலை. தலைக்குக் குளித்து முடியாத கூந்தல். பக்கத்தில் வேப்பிலை கட்டிய சொம்பு. மடியில் வாழையிலை போட்டு மூடிய தாம்பாளம். எங்கள் பக்கத்துப் பெண் அம்மனுக்கு மாவிளக்கு எடுக்கப் போகிற கோலம் அது. என் நண்பர்களில் ஒருவன் கல்பாத்திக்காரன். "ஏண்டா, உங்க அக்கா அம்பலத்துக்குன்னா போறாப்பல இருக்கு! நம்மளோட வராள்னு சொன்னியே?" என்று கேட்டான்.

அதற்குள் மாமியார் வண்டிக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "ஏனுங்க தம்பி, வெள்ளச்சாட்டு அம்மன் கோயிலு எந்தப் பக்கமுங்க? வெயிலு ஏறறதுக்குள்ள வெளக்கு எடுத்தரோணும். அவ முந்தாநேத்திருந்து பச்சத் தண்ணி பல்லுல படாம இருக்கறா."

ஒரு கணம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கம் மாரியம்மன் நோம்பியை, அதாவது திருவிழாவை, ஊருக்கு அறிவிப்பதற்குச் சாட்டு என்று பெயர். பூச்சாட்டு ஆகிவிட்டால் நோம்பி முடிகிறவரை ஊரே விரதம், வெளியூரில் யாரும் ராத் தங்கக் கூடாது. சாட்டு என்ற வார்த்தையைக் கேட்டால் எங்களவர்கள் கைகூப்புவார்கள். நான் எழுதிய சாட்டத்தை அக்கா சாட்டு என்று படித்து, வெள்ளத்தை ஒரு அம்மனாக்கி, விரதம் இருந்து விளக்கோடு வந்து நிற்கிறாள். அப்படித்தான் நான் நினைத்தேன்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நண்பர்களுக்கு மலையாளத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை விளக்கினேன். அவர்களும் சிரித்தார்கள். பிறகு வண்டியருகே போய், பெரியப்பாவுக்கு விளக்கிய அதே குரலில் மாமியாருக்கு விளக்கினேன்.

"அத்தை, சாட்டும் இல்ல, நோம்பியும் இல்லீங்க. வெள்ளம்னா இங்க தண்ணி. சாட்டம்னா குதிக்கறது. மலையிலிருந்து தண்ணி உழுகறதப் பாக்கப் போறோம். அக்கா தப்பாப் படிச்சுப்புட்டாங்க."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை அவமானம் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவள் நிதானமாகக் கேட்டாள்: "தண்ணிக்குப் பக்கத்துல அம்மன் இருக்குதல்ல, தம்பி?"

"எந்த அம்மனும் இல்லீங்க்கா. வெறும் பாறை."

என் மலையாள நண்பன் முன்னால் வந்தான். அரைகுறைத் தமிழில், "அல்ல, அவிடெ ஒரு கல்லு உண்டு. மலைக்காரங்க பூ வைக்கும். ஞான் கண்டிட்டுண்டு" என்றான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். தாய்மொழி வேறான ஒருவனுக்குப் புரிந்தது, ஒரே பலகையில் உட்கார்ந்து படித்த எனக்குப் புரியவில்லை. "போடா, அது எல்லைக்கல்லு" என்று அவனையும் மடக்கினேன்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் அக்கா என் வாயால் கெட்டாள்.

மாமியார் மருமகள் பக்கம் திரும்பினார். "சாமி பேரு சொல்லித்தானே கெளப்பிக் கூட்டியாந்த? உனக்குப் படிக்கத் தெரியுமா, தெரியாதா?"

தெரியும் என்று சொன்னால் சாமி பெயரில் பொய் சொன்னவள் ஆவாள். அக்கா தாம்பாளத்து இலையைச் சரிசெய்தாள். "தெரியலீங்க அத்தை. தப்பாப் படிச்சுப்புட்டன்" என்றாள்.

"வண்டியத் திருப்பு" என்றார் மாமியார் பண்ணையாளிடம். "வேல கெட்டவங்க தண்ணி பாக்கறதுக்கு நாம எதுக்கு?"

வண்டி திரும்பியது. அவள் வண்டியின் பின்புறமாக உட்கார்ந்திருந்ததால் மைதானத்தைக் கடக்கும்வரை அவள் முகம் எனக்குத் தெரிந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், வடக்கே, மலையைப் பார்த்துக்கொண்டு போனாள்.

நான் அருவிக்குப் போனேன். அதை ஒளிக்க மாட்டேன். குளித்தேன், கொண்டுபோன புளிச்சோற்றைத் தின்றேன், வழியெல்லாம் வெள்ளச்சாட்டு அம்மன் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். சத்தம் எவ்வளவு தூரம் கேட்கிறது என்று கேட்டு வரச் சொல்லியிருந்தாளே, அது நினைவுக்கே வரவில்லை. அந்தக் கதை காலேஜில் பரவி, ஏதாவது வார்த்தையை யாராவது தப்பாகப் புரிந்துகொண்டால் "வெள்ளச்சாட்டு அம்மனுக்கு ஒரு தேங்காய் உடை" என்று சொல்வது எங்களுக்குள் வழக்கமாயிற்று. பல வருஷங்கள், பல பந்திகளில், அதைச் சொல்லி நான் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

அடுத்த லீவில் போனபோது மச்சான் சொன்னார்: "உங்க அக்காளுக்குப் படிப்பு மறந்து போச்சாட்ட இருக்குது, மாப்ள. இப்பக் கார்டு வந்தா வாத்தியாருகிட்டத்தான் குடுத்துப் படிக்கச் சொல்றது." அரை மைல் நடந்து வாத்தியாரிடம் போய்ப் படிக்கச் சொல்லிக் கேட்டு வருவார்கள். வந்தவர் ஞாபகம் இருப்பதைச் சொல்வார். அக்கா அடுப்படியிலிருந்து அதைக் கேட்டுக்கொள்வாள். நான் எழுதிய கடிதம் அவள் கண்ணில் படுவது அதோடு நின்றது. கோயிலுக்குப் போகிறேன் என்று அவள் கிளம்பினால் மாமியார், "எந்தச் சாட்டுக்கு?" என்பாராம். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்களாம்.

நான் படித்து முடித்து, சட்டமும் படித்து, பாலக்காட்டிலேயே வக்கீல் ஆனேன். மாமியார் காலமானார். ஒரு பொங்கலுக்கு அக்கா வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருக்கையில் நான் மறுபடியும் அந்தக் கதையை எடுத்தேன். அக்காளின் மகளுக்கு அப்போது பத்து வயதிருக்கும். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அக்காவும் புன்னகைத்தாள். எல்லோரும் எழுந்து போனபின், கரும்பை வெட்டிக்கொண்டே கேட்டாள்:

"ஏங் கண்ணு, நீ எழுதுன கார்டுல அம்மன்னு ஒரு எழுத்து இருந்துதா?"

யோசித்தேன். இல்லை.

"இல்லாத எழுத்த யாரு தப்பாப் படிப்பாங்க?"

வெட்டிய கரும்புத் துண்டு ஒன்றை என் பக்கம் நகர்த்தினாள்.

"வெள்ளம்னா தண்ணின்னு சந்தைக்குப் போய்ட்டு வர்ற நம்ம பண்ணையாளுக்கே தெரியும். எனக்குத் தெரியாதா? அந்தச் சொல்லப் பாத்ததும் எனக்கு அவ்வளவு சந்தோசம். சாட்டுன்னு வருதே, சாமின்னு சொன்னா அத்தையால தடுக்க முடியாதேன்னு. ரெண்டு நாள் பட்டினி கெடந்தன், கண்ணு. அதெல்லாம் பொய்யில்ல. நெசமாவே விரதம் இருந்தன். அங்க வந்து அந்தத் தண்ணிக்கே வெளக்க எடுத்தர்லாம்னு நெனச்சன். நீ ஒரு தலைய ஆட்டியிருந்தாப் போதும்."

எத்தனையோ சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி, அவர்கள் சொல்வதில் எது விட்டுப்போனது, எது கூடச் சேர்ந்தது என்று துருவியவன் நான். என் அக்காளின் வார்த்தையில் ஒரு அம்மன் கூடச் சேர்ந்திருப்பதை இத்தனை வருஷம் கவனிக்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று என்னைப் பற்றித்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள். அருவி என்று நான் ஒழுங்காக எழுதியிருந்தால் அவளுக்கு வழியே இருந்திருக்காது. என் பவிசு அவளுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டது, அவள் உள்ளே கால் வைக்கும் முன் அதே பவிசு அதைச் சாத்தியது.

"ஏனுங்க்கா அன்னைக்கே சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லி? நீயும் சிரிச்சாச்சு, அவங்களும் சிரிச்சாச்சு. அப்புறம் பொய் சொன்னவங்கற பேரும் வேணுமா? அதுக்குப் படிக்கத் தெரியாதவங்கற பேரு தேவலை."

"இப்ப யாரு தடுக்கறது? இந்த ஆடிக்கே போலாமுங்க்கா" என்றேன். "ஆவட்டும், பாக்கலாம்" என்றாள். அந்த ஆடியில் அவள் வீட்டில் மச்சானுக்கு உடம்பு சரியில்லை. அடுத்த ஆடியில் எனக்கு ஒரு பெரிய வழக்கு. பிறகு அவளுக்கு முழங்கால் வலி. மலையடிவாரம் வரை மோட்டார் பஸ் வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமைகளில் காலேஜ் பிள்ளைகள் கூட்டமாகப் போய்வருகிறார்கள், இப்போதெல்லாம் பெண்களும் போகிறார்கள் என்று ஒரு தடவை சொன்னேன். "அப்படியா" என்று கேட்டுக்கொண்டாள். நானும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டும். நாள் இருக்கிறது என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

போன தை மாதம் நாலு நாள் காய்ச்சலில் அக்கா போய்விட்டாள்.

இந்த ஆடியில் நான் தனியாக அருவிக்குப் போனேன். இந்த வயதில் ஏற முடியுமா என்று வீட்டில் கேட்டார்கள். ஏறினேன். தண்ணீர் அன்றுபோலத்தான் விழுந்தது. பாறைக்குப் பக்கத்தில் அந்தக் கல்லும் இருந்தது, அதன் மேல் யாரோ வைத்த செம்பருத்தி வாடிக் கிடந்தது. சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பி இறங்கத் தொடங்கினேன், காதைத் தீட்டிக்கொண்டு. முதல் திருப்பத்தில் சத்தம் கேட்டது. ஓடையைத் தாண்டியபின்னும் கேட்டது. மூங்கில் காட்டில் காற்று குறுக்கிட்டதால் நின்று, காற்று அடங்கக் காத்திருந்து கேட்டேன். கேட்டது. ரெண்டு மைல் என்று அன்றைக்கு நான் அடித்துவிட்டது பொய். ஒரு மைல்கூட இராது. ஆனால் கீழே, அந்த நாளில் வண்டிகளை அவிழ்த்துப் போடுகிற மாமரத்தடிக்கு வந்து நின்றபோதும், மெதுவாக, விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. அதைக் கேட்க அவள் வண்டியை விட்டு இறங்கியிருக்கவே வேண்டாம்.